கறையான் காப்பும் உத்தரவாதப் பத்திரமும்: மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கறையான் தடுப்புச் சேவை, வாங்குபவர் தாம் பெற்றதைக் கண்ணால் காண முடியாத வணிகங்களுள் ஒன்றாகும். அத்திவாரத்தின் அடியிலும் தரைக்குக் கீழும் ஊற்றப்படும் மருந்து மண்ணுக்குள் மறைந்துவிடுவதால், அது உரிய செறிவில் கலக்கப்பட்டதா, உரிய அளவில் ஊற்றப்பட்டதா என்பதை வேலை முடிந்த பிறகு எவராலும் பார்த்துச் சொல்ல இயலாது. ஐந்தாறு ஆண்டுகள் வீட்டில் கறையான் தோன்றாதிருந்தால், அது மருந்தின் பயனா அல்லது அந்த இடத்துக்கு இயல்பாகவே கறையான் வராதிருந்ததா என்று பிரித்தறியவும் வழியில்லை. மற்ற வணிகங்களைவிட இத்தொழிலில் உத்தரவாதப் பத்திரம் பெரிய இடத்தைப் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம். பணம் கொடுத்தவர் கையில் கடைசியாக எஞ்சுவது அந்தத் தாள் ஒன்றுதான். எனினும் அத்தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் ஆண்டுக்கணக்கே அதன் மிகக் குறைந்த பயனுள்ள பகுதி என்பதும், நிறுவனத்தின் நம்பகத்தன்மையை அளக்க உதவுபவை சிறிய எழுத்தில் வரும் பரிசோதனைக் கடப்பாடும் விலக்குகளும் வேலைநாளில் எழுதப்படும் பதிவுகளுமே என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மாத்தளை மாவட்டத்தைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 11 பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்ட இம்மாவட்டத்தின் தெற்கிலும் கிழக்கிலும் உக்குவளை, இரத்தோட்டை, லக்கல போன்ற பகுதிகள் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் அமைய, வடக்கே கலேவெல, தம்புள்ளை பகுதிகள் உலர் வலயத்துக்குள் இறங்கிவிடுகின்றன. ஒரே நெடுஞ்சாலையில் ஓரிரு மணி நேரப் பயணத்துக்குள் மண்ணும் மழையும் கட்டட முறையும் மாறுவதால், ஓரிடத்துக்குப் பொருந்தும் சிகிச்சை மற்றோரிடத்துக்குப் பொருந்தாமற் போகலாம். வரும் கறையானின் வகையும் எல்லா வீட்டிலும் ஒன்றல்ல.

வீட்டுக்காரரின் நோக்கில் கறையான்களை அவை வாழும் முறைப்படி பிரித்துக்கொள்வது போதுமானது. முதலாவது, மண்ணுக்குள் கூடு வைத்து, ஈரத்தைக் காத்துக்கொள்வதற்காக மண் குழாய்களைச் சுவரின்மேல் கட்டிக்கொண்டு மரத்தைத் தேடி ஏறும் வகை; கொப்டோடெர்மிஸ் இனங்கள் இதில் அடங்கும். இரண்டாவது, உலர் வலயத்தில் எங்கும் காணப்படும் புற்றுகளைக் கட்டும் ஒடொன்டோடெர்மிஸ் இனங்கள். இவை தின்ற மரத்தைக் கொண்டு கூட்டுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்த்து அதை உணவாக்கிக்கொள்பவை. இவ்வகைக் கூடுகளைப் பற்றித் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டவற்றைத் தரங்கம்பாடியுடன் தொடர்புடைய மருத்துவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1779இலேயே எழுதி வெளியிட்டார். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய பூஞ்சையியலாளர் டொம் பெட்ச், அந்தப் பூஞ்சையை விரிவாக ஆராய்ந்து 1906இல் கட்டுரை வெளியிட்டார். மூன்றாவது உலர்மரக் கறையான். இதற்கு மண்ணோடு தொடர்பே தேவையில்லை. அலுமாரிக்குள்ளோ கதவு நிலைக்குள்ளோ சிறு கூட்டமாக வாழ்ந்து, கசகசா போன்ற எச்சத் துகள்களை வெளியே தள்ளும். நான்காவது, உயிருள்ள மரத்துக்குள் வாழும் வகை. தேயிலைச் செடியின் தண்டைக் குடையும் இது தோட்டத்துறையின் நெடுநாள் தலைவலி. வீட்டுக்கு அது நேரடியாகப் பொருட்டில்லை என்றாலும், தோட்டத்தில் தேயிலைக்குச் செய்த மருத்துவத்தை அப்படியே வீட்டுக்கும் செய்ய முனைவோர் இருப்பதால் இங்கே குறிப்பிட வேண்டியதாயிற்று.

நிறுவனத்துக்கு வைக்கக்கூடிய முதற் சோதனை இந்தப் பாகுபாட்டிலிருந்தே பிறக்கிறது. உலர்மரக் கறையான் பிடித்த பலா மரக் கதவுக்காக வீட்டைச் சுற்றி மண்ணில் மருந்து ஊற்றினால், பணமும் மருந்தும் செலவாகுமே தவிரக் கறையானுக்கு எந்த இடையூறும் நேராது. அதற்கு மரத்துக்குள்ளேயே மருந்தைச் செலுத்த வேண்டும், அல்லது அந்த மரத்தையே மாற்ற வேண்டும். ஆகவே வீட்டுக்கு வராமல், சதுர அடிக் கணக்கைத் தொலைபேசியில் கேட்டு விலை சொல்லும் நிறுவனம், எதற்கு மருந்து செய்யப்போகிறது என்பதை அறியாமலே விலை சொல்கிறது. நல்ல நிறுவனத்தின் ஆள் கூரை மரங்களைத் தட்டிப் பார்ப்பார். குளியலறைக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தையும், சுவரோடு சாய்த்து வைத்த விறகையும் பார்ப்பார். கண்ட இனத்தையும் இடத்தையும் வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திட்டுத் தருவார். அந்த வரைபடமே பின்னர் உத்தரவாதத்தின் எல்லையைத் தீர்மானிக்கும் ஆவணம் ஆவதால், அது இல்லாத உத்தரவாதப் பத்திரத்தில் ஆண்டுக்கணக்கு எத்தனை இருந்தாலும் அதைக் கொண்டு வாதிடுவது கடினம்.

நீண்ட ஆண்டுக்கணக்குகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய மருந்துகளின் வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கறையானுக்கு ஊற்றப்பட்டவை குளோர்டேன், ஆல்ட்ரின், டீல்ட்ரின், ஹெப்டாகுளோர் முதலிய ஓர்கனோகுளோரின் வகை நஞ்சுகள். மண்ணில் எளிதில் சிதையாமல் பத்தாண்டுகளுக்கு மேலும் தங்கும் இயல்பே அவற்றின் வணிகச் சிறப்பாகக் கருதப்பட்டது. அதே இயல்பு உணவுச் சங்கிலியிலும் உடற்கொழுப்பிலும் அவற்றைச் சேரச் செய்தபோது நாடுகள் அவற்றைக் கைவிடத் தொடங்கின. ஐக்கிய அமெரிக்காவில் கறையானுக்கான குளோர்டேன் பயன்பாடு 1988இலும் இலங்கையில் 1996இலும் நின்றது. 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இவற்றை உலகளவில் தடை செய்தது. இன்றைய மருந்துகள், மண்ணில் குறைந்த காலத்தில் சிதைய வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு உட்பட்டே பதிவு பெறுகின்றன. மருந்தின் ஆயுள் குறைந்த பிறகும் விளம்பரத்திலுள்ள ஆண்டுக்கணக்கு குறையவில்லை என்பதைக் கவனிக்கும்போது, இன்றைய 10 ஆண்டு உத்தரவாதத்தை மருந்து பத்தாண்டு நிற்கும் என்ற அறிவியல் கூற்றாக வாசிக்க முடியாது. இடையில் கறையான் வந்தால் மீண்டும் வந்து மருந்து அடிப்போம் என்ற வணிக ஏற்பாடாகவே அதை வாசிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் தவறொன்றுமில்லை; ஆனால் இரண்டும் வேறு என்பதை விற்பனையாளர் பெரும்பாலும் விளக்குவதில்லை.

தற்போது புழக்கத்திலுள்ள மண் மருந்துகளை இரண்டாகப் பிரிக்கலாம். பைஃபென்த்ரின் போன்றவை விரட்டும் வகை; கறையான் அவற்றை உணர்ந்து விலகிச் செல்லும் என்பதால், மருந்துப் படலத்தில் எங்கேனும் ஓர் இடைவெளி இருந்தால் அதைத் தேடிப்பிடித்து நுழைந்துவிடும். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் போன்றவை விரட்டா வகை. கறையான் அவற்றை உணராமலே கடந்து சென்று, உடலில் ஒட்டியதைக் கூட்டத்தின் மற்றவற்றுக்கும் கடத்தும். கட்டி முடித்த வீட்டில் இடைவெளியில்லாத படலம் அமைப்பது மிகக் கடினம் ஆதலால், அங்கே எந்த வகை பயன்படுகிறது என்ற கேள்வி விலையைவிட முக்கியமானது. இவை தவிர, தோலுரிப்பைத் தடுக்கும் மருந்தை மரத்துண்டில் அல்லது செல்லுலோஸில் கலந்து கறையானுக்கு இரையாக வைக்கும் முறை, ஹெக்ஸாஃபுளுமுரோன் என்னும் மருந்தைக் கொண்டு 1990களின் நடுவில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. அதில் மருந்தின் அளவு மிகச் சிறியது என்றாலும், இரை நிலையங்களைத் தொடர்ந்து பார்த்து மாற்றிக்கொண்டிருந்தால்தான் பயன் உண்டு; அங்கே வாங்கப்படுவது ஆட்களின் வருகையே.

மாத்தளையில் மருந்துத் தெரிவோடு கிணற்றுக் கேள்வியும் சேர்ந்துவிடுகிறது. மலைச்சரிவைக் குடைந்து சமப்படுத்திய நிலத்தில் கட்டப்பட்ட வீடுகளில் பின்சுவரை ஒட்டி மண்மேடும், முன்புறம் தாழ்ந்த இடத்தில் கிணறும் அமைவது வழக்கம். இமிடாகுளோப்ரிட் நீரில் ஓரளவு எளிதாகக் கரைவது. சரிவான நிலத்தில் கனமழைக்கு முன் ஊற்றினால் மருந்து வீட்டைக் காக்காமல் நீரோடு நகர்ந்துவிடும் அபாயம் உண்டு. பைஃபென்த்ரின் மண்துகளோடு இறுகப் பற்றிக்கொள்வதால் அவ்வளவாக நகராது எனினும், மண்ணே அரித்துச் சென்றால் அதுவும் சேர்ந்து ஓடையை அடையும். மீன்களுக்கு அது கொடிய நஞ்சு. கிணறு எங்கே, நீர் எப்பக்கம் ஓடுகிறது, மழை எப்போது என்று கேட்காமல் வேலையைத் தொடங்கும் நிறுவனத்தைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை.

வேலைநாளில் வீட்டுக்காரர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு, அது அளவுக்கணக்கு. கட்டுமானத்துக்கு முந்திய சிகிச்சைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 6313, தரைப்பரப்பில் சதுர மீற்றருக்கு 5 லீற்றர் மருந்துக் கரைசலும், அத்திவாரச் சுவரின் செங்குத்துப் பரப்பில் சதுர மீற்றருக்கு 7.5 லீற்றரும் வேண்டும் என வகுத்துள்ளது. ஏறத்தாழ 1000 சதுர அடி வீடு 93 சதுர மீற்றர் ஆகையால் தரைக்கு மட்டுமே 465 லீற்றர் கரைசல் தேவைப்படும். கட்டிய வீட்டிலோ, தரையும் சுவரும் சேரும் விளிம்பில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை வீதம் துளையிட்டுத் துளைக்கு 1 லீற்றர் வரை செலுத்துவது இந்திய நடைமுறை. 60 மீற்றர் நீள விளிம்புக்கு 200 துளைகள், 200 லீற்றர் என்று ஆகிறது. மருந்துக்கு மருந்து சிட்டையிலுள்ள அளவு மாறும் என்பதால் இவ்வெண்களை அப்படியே சட்டமாகக் கொள்ள முடியாது. ஆயினும், முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தெளிகருவி ஒன்றோடு வந்து ஒரு மணி நேரத்தில் முழு வீட்டையும் முடித்துவிட்டுப் பத்தாண்டு உத்தரவாதம் எழுதித் தருபவரின் கணக்கு எங்கோ பிழைக்கிறது என்பதை அறிய இவை போதும். குறைந்த விலையின் இரகசியம் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது.

சட்டப் பதிவைச் சரிபார்ப்பதில் மாத்தளைவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த பீடைகொல்லிகள் பதிவாளரிடம் பதிவு பெறாத பீடைகொல்லியை நாட்டில் விற்கவோ பயன்படுத்தவோ முடியாது; அந்தப் பதிவாளரின் அலுவலகம் தொலைவில் இல்லை, கண்டிக்கு அருகே பேராதனை கெட்டம்பேயில் இருக்கிறது. நிறுவனம் கொண்டுவரும் போத்தலின் சிட்டையில் பதிவு இலக்கம் உண்டா, அது கறையானுக்கென்று பதிவு பெற்றதா, போத்தல் வீட்டுக்காரர் முன்னிலையில் முத்திரை உடைக்கப்பட்டதா என்பவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஐயமிருந்தால் அந்த அலுவலகத்திலேயே கேட்கலாம். சிட்டை மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பதும் இங்கு உதவும். மருந்துப் போத்தலில் தமிழ் இருக்க, உத்தரவாதப் பத்திரம் ஆங்கிலத்தில் மட்டுமோ சிங்களத்தில் மட்டுமோ இருப்பது இம்மாவட்டத்தில் அரிதான காட்சி அல்ல. இலங்கையின் ஒப்பந்தச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்ட மரபைச் சார்ந்தது. வாசிக்காமல் கையெழுத்திட்டவரையும் பொதுவாக அக்கையெழுத்து கட்டுப்படுத்தும். எனவே நிபந்தனைகளைத் தமிழில் எழுதித் தருமாறு, குறைந்தபட்சம் விலக்குகள் உள்ள பகுதியையாவது எழுதித் தருமாறு, முற்பணம் கொடுப்பதற்கு முன் கேட்பது உரிமை சார்ந்த கோரிக்கை என்பதைவிட நடைமுறைப் பாதுகாப்பு என்றே கொள்ளத்தக்கது.

உத்தரவாதத்தின் உள்ளடக்கத்துக்கு வரும்போது, இரு வகைகளைப் பிரித்தறிவது தலையாயது. ஒன்று மீள்சிகிச்சை உத்தரவாதம்: கறையான் திரும்பினால் நிறுவனம் கட்டணமின்றி மீண்டும் மருந்து அடிக்கும், அதற்கிடையே அரிக்கப்பட்ட கதவும் கூரை மரமும் வீட்டுக்காரரின் இழப்பு. மற்றொன்று சேத உத்தரவாதம்: திருத்தச் செலவையும் ஒரு வரம்பு வரை நிறுவனம் ஏற்கும். விளம்பரத்தில் இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், பத்திரத்தில் 'சேதம்' பற்றி ஒரு வரியும் இல்லையெனில் அது முதல் வகை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வகையைத் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை; நேர்மையாக நிறைவேற்றப்படும் மீள்சிகிச்சை உத்தரவாதம், ஆயிரம் விலக்குகளுக்குள் ஒளிந்திருக்கும் சேத உத்தரவாதத்தைவிட மேலானது.

விலக்குகளில் சில நியாயமானவை. நீர்க்கசிவைத் திருத்தாமல் விட்டால், சுவரை இடித்து அறை கூட்டினால், தரையோட்டைப் பெயர்த்து மாற்றினால், மருந்திட்ட மண்ணின்மேல் பூந்தோட்டத்துக்காகப் புதுமண் குவித்தால் நிறுவனம் பொறுப்பேற்காது என்பது ஏற்கத்தக்கதே. மண் அசைவு பற்றிய விலக்கைத்தான் மலைநாட்டில் கவனமாக வாசிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மாத்தளை உட்பட மத்திய மலைநாட்டில் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. அத்தகைய நிகழ்வுக்குப் பின், வீடு சேதமின்றி நின்றாலும் அதைச் சுற்றிய மருந்துப் படலம் முழுமையாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 'இயற்கை அனர்த்தத்தால் உத்தரவாதம் முடிவடையும்' என்று எழுதியிருப்பதற்கும் 'பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலவு விலையில் மீள்சிகிச்சை வழங்கப்படும்' என்று எழுதியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு இத்தகைய வேளையில்தான் தெரியவரும். அயல் நிலத்திலுள்ள புற்றிலிருந்து வரும் கறையானுக்குப் பொறுப்பில்லை என்ற விலக்கோ ஏற்கத்தக்கதல்ல. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதற்காகத்தானே மருந்து. கோவில் வளவில் நாகதம்பிரானுக்கென விடப்பட்ட புற்று, எல்லைக்கு அப்பால் தேயிலை மலையிலுள்ள புற்று ஆகியவற்றை இடிக்க முடியாது என்பது தெரிந்தே நிறுவனம் வேலையை ஏற்கிறது. ஆகையால் அவற்றைப் பரிசோதனை வரைபடத்தில் குறித்து, அப்பக்கத்துக்கு மேலதிகக் கவனம் தரப்படும் என எழுதிக்கொள்வதே முறை.

அனைத்துக்கும் மேலாக, உத்தரவாதம் உயிரோடு இருப்பது பரிசோதனையில்தான். ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனம் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான பத்திரங்களில் இருந்தாலும், அதை நினைவூட்டும் பொறுப்பு யாருடையது என்பது எழுதப்படுவதில்லை. பரிசோதனை தவறினால் உத்தரவாதம் செல்லாது என்ற வரி மட்டும் தவறாமல் இடம்பெறுகிறது. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் நிறுவனம் வில்கமுவவுக்கோ லக்கலவுக்கோ ஆண்டுதோறும் ஆளனுப்புமா, பயணச் செலவை யார் தருவது என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கும் முறையானால் அக்கட்டணம் எவ்வளவு வரை உயரலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், உலகின் மிகப் பெரிய கறையான் தடுப்பு நிறுவனங்களுள் ஒன்றான டெர்மினிக்ஸ், கடலோர மாவட்டங்களில் புதுப்பிப்புக் கட்டணத்தைத் திடீரெனப் பன்மடங்கு உயர்த்தியதாக எழுந்த முறைப்பாடுகளிலிருந்து தொடங்கிய அரச விசாரணை, 2020 நவம்பரில் 6 கோடி டாலர் இணக்கத் தீர்வில் முடிந்தது. பெரிய பெயர் மட்டும் போதுமான காப்பு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பொதுப் பதிவு தேவையில்லை.

உள்நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் துணைநிற்கும்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வணிக முறையில் வழங்கப்படும் சேவை உரிய கவனத்தோடும் திறனோடும் வழங்கப்படும் என்ற உத்தரவாதம் எழுதப்படாமலே ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. ஏமாற்றும் விளம்பரத்தையும் தடை செய்கிறது. ஆனால் உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் அல்லது சேவை பற்றிய முறைப்பாட்டை, அது வழங்கப்பட்ட 3 மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் அளிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். வானொலிப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் பொருந்தும் இக்கால எல்லை, நான்காம் ஆண்டில் வெளிப்படும் கறையானுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே அதிகார சபையின் வழி, குறித்த அளவு துளையிடாதது, சொன்ன மருந்தைப் பயன்படுத்தாதது போன்ற உடனே தெரியும் குறைகளுக்கே பெரிதும் உதவும். வேலைநாளின் நிழற்படங்களும் துளைகளின் எண்ணிக்கையும் சிட்டையின் படமும் அந்த மூன்று மாதங்களுக்குள்தான் முழு மதிப்புப் பெறுகின்றன.

அதன் பின் எஞ்சுவது குடியியல் வழக்கு. வழக்கிடுவதற்கான கால எல்லைகளை வகுக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்துமூல ஒப்பந்தம் மீறப்பட்டால் மீறப்பட்ட நாளிலிருந்து 6 ஆண்டுகளும், வாய்மொழி ஒப்பந்தமாயின் 3 ஆண்டுகளும் உண்டு. மீள்சிகிச்சைக்கு வர மறுத்த நாளே மீறல் நாளாக எண்ணப்படக்கூடும் என்பதால், மறுப்பையும் எழுத்தில் பெறுவது, அல்லது கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வது பயனுடையது. கவனயீனத்துக்கான பொறுப்பை முற்றாகத் தட்டிக்கழிக்கும் அச்சு நிபந்தனைகளை, நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் நியாயத் தன்மைக்கான சோதனைக்கு உட்படுத்துகிறது. எனினும் வழக்குச் செலவு பெரும்பாலும் கதவு நிலையின் விலையைத் தாண்டிவிடும். இத்தகைய தகராறுகள் மத்தியஸ்த சபையில் முடிவதே இருபுறத்துக்கும் நல்லது.

வழக்கிட எதிர்த்தரப்பு உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் உண்டு. பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர் மட்டும் பதிந்து நடத்தப்படும் தனிநபர் தொழிலில் உரிமையாளரே நேரடியாகப் பொறுப்பாளி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பதிவான தனியார் கம்பனியில் பொறுப்பு கம்பனியின் சொத்தோடு நின்றுவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய தொழில் பத்தாண்டு உத்தரவாதம் தருவதில் சட்டத் தடை ஏதுமில்லை. ஆயினும் முன்பு மருந்திட்ட வீடுகளில் ஐந்தாண்டு கடந்த இரண்டைக் காட்டச் சொல்லி, அவ்வீட்டாரிடம் பரிசோதனைக்கு உண்மையில் யாரேனும் வந்தார்களா என்று விசாரிப்பது, எந்த இணையத்தளப் புகழுரையையும் விடக் கூடுதலாகச் சொல்லும். உப ஒப்பந்தக்காரரைக் கொண்டு வேலை செய்யும் நிறுவனமாயின், உத்தரவாதத்தில் கையெழுத்திடுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இவை அனைத்தும் சொந்த வீடு உள்ளவர்களுக்கே முழுமையாகப் பொருந்தும் என்பதை இம்மாவட்டத்தின் தோட்டப் பகுதிகள் நினைவூட்டுகின்றன. லயன் அறையில் வாழும் குடும்பத்துக்கு அந்த அறையின் உரிமை இல்லை. நிலம் அரசுடையது, நிருவாகம் தோட்டத்துடையது, கட்டடமோ ஒரே கூரையும் பொதுச் சுவரும் கொண்ட நீள் வரிசை. ஓர் அறைக்கு மட்டும் மருந்திட்டால் பக்கத்து அறையின் கூரை மரம் வழியாகக் கறையான் திரும்பிவரும். நிறுவனமும் அதைப் 'பொதுச் சுவர்' விலக்கில் சேர்த்துவிடும். 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்றவர்களுக்கும், அத்திவாரம் இடும்போதே மருந்திடப்பட்டதா, அதற்கு உத்தரவாதம் யார் பெயரில் உள்ளது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. கட்டிய ஒப்பந்தக்காரரின் பெயரிலிருந்து வீட்டுக்காரரின் பெயருக்கு மாற்ற முடியாத உத்தரவாதம் சாவி கைமாறிய நாளோடு முடிந்துவிடுகிறது. இதற்குக் கூட்டாகச் செயற்படுவதே நடைமுறை வழி. தோட்டங்களில் இயங்கும் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பதிவு பெற்ற அமைப்புகள். தோட்ட நிருவாகத்தின் எழுத்துமூலச் சம்மதத்தோடு ஒரு லயன் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தத்தில் அவை கையெழுத்திடலாம், வீட்டுக்கு வீடு பிரித்துக் கட்டணம் திரட்டலாம், ஆண்டுப் பரிசோதனை நாளைத் தங்கள் கூட்டக் குறிப்பேட்டில் பதிந்து வைத்து நிறுவனத்தை வரவழைக்கலாம்.